மயிலுக்கு வரைந்த படம்

மதுரையில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்களுக்கு இரண்டில் ஒன்று வரும்: ஒன்று சர்க்கரை, இன்னொன்று இயற்கை விவசாயம். எனக்கு முதலாவது வந்து, அதற்கு வைத்தியமாக இரண்டாவதும் வந்தது. இரண்டாவதன் அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் சீக்கிரம் கவனிக்கலாம். ஊர் ஊராக விதைத் திருவிழாவுக்குப் போய், என்ன செடி என்றே தெரியாத விதையைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வருவார். கல்யாணப் பந்தியில் கத்தரிக்காயைச் சுட்டிக்காட்டி, “இதுக்கு எத்தனை தடவை மருந்தடிச்சிருப்பாங்க தெரியுமா?” என்று பக்கத்து இலைக்காரரின் சாப்பாட்டையும் சேர்த்துக் கெடுப்பார். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவில் போய் முடியும். முற்றினால் நிலம் தேடுவார்.

எனக்கு முற்றியது. அழகர்கோவில் சாலையில், அப்பன்திருப்பதிப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் செம்மண் காட்டில் பத்து சென்ட் குத்தகைக்குக் கிடைத்தது. கிணற்றுத் தண்ணீரில் பங்கும் உண்டு. பத்து சென்ட் என்றால் 4,356 சதுர அடி. கே.கே. நகரில் அவ்வளவு இடம் இருந்தால் நாலு வீடு கட்டி, ஐந்தாவதை மொட்டை மாடியில் ஏற்றியிருப்பார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மம்பட்டியை எடுத்திருப்பார்கள். நான் எக்செல்லைத் திறந்தேன். வரவு செலவு பார்க்கிற உத்தியோகம். கட்டம் போடாமல் எனக்கு யோசனை ஓடாது. பயிர், குடும்பம், பட்டம், இடைவெளி, வயது, துணைப்பயிர், அடுத்த சுழற்சி என்று தலைப்புகள் போட்டேன். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அவை நின்ற பாத்தியில் மறுபடியும் அவற்றையே வைத்தால் மண்ணில் தங்கிய நோய் விடாது, எனவே அடுத்த பட்டத்தில் அங்கே அவரையோ தட்டைப்பயறோ போக வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளிகளை அப்படியே ஏற்றினேன்: வெண்டைக்கு 45-க்கு 30 சென்டிமீட்டர், கத்தரிக்கு 60-க்கு 60, தக்காளிக்கு 60-க்கு 45, புடலைக்கு இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர். இதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. பின்னால் எனக்கு நேர்ந்த அவமானத்துக்குத் தனி அழகு சேர்த்தது அதுதான்.

வண்ணம் அடித்த அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, மழைக்கு நனையாமலிருக்க லேமினேட்டும் செய்து காட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்துக் காட்டு அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

“அம்சமா இருக்கு சார். மேலேர்ந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்” என்றார்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பாத்தி. மெல் பார்த்தலோமியூ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் எழுதிய சதுர அடித் தோட்டப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இணையத்தில் நாம் பார்க்கும் மேட்டுப்பாத்திப் படங்களில் பாதி. நானும் மண்ணை ஒரு முழம் உயர்த்தி, செங்கல் அண்டை கொடுத்து, மேட்டுப்பாத்திகள் கட்டினேன். குளிரும் ஈரமுமான நாட்டில் அது தண்ணீரை வடித்து மண்ணைச் சீக்கிரம் சூடாக்கும். சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மதுரையில் மண்ணைச் சூடாக்க யாரும் என் உதவியைக் கேட்டிருக்கவில்லை. நாலு பக்கமும் காற்று வாங்கி, காலையில் விட்ட தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போனது. அண்ணனின் பாத்திகள் தரையோடு தரையாக, சுற்றிலும் வரப்போடு இருந்தன. மடையைத் திறந்தால் தண்ணீர் நின்று, ஊறி, அடுத்த பாத்திக்கு நகர்ந்தது.

சரி என்று செங்கல்லைப் பிரித்துப் பள்ளமாக்கினேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது ஐப்பசி. நமக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பள்ளத்தில் நின்ற மிளகாய் வேரழுகிச் சாய்ந்தது. “மழைக்கு முன்னாடி மண்ண அணைச்சு பார் போட்டுருக்கணும் சார்” என்றார் அண்ணன். வெயிலுக்கு மேடும் மழைக்குப் பள்ளமும் வைத்திருந்த ஒரே விவசாயி அந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

பாத்தியின் அகலத்தை மட்டும் நான் மாற்றவே இல்லை. ஆறடி. கட்டம் பார்க்க நன்றாக அமைந்த அளவு அது. வரப்பில் குந்தியிருந்து கையை நீட்டினால் என் கை இரண்டடிதான் போகும். இரண்டு பக்கமிருந்தும் எட்டினாலும் நடுவில் இரண்டடி மிச்சம். அந்த இரண்டடியில் கோரை முளைத்தது. எட்டாத முதுகில் அரிப்பு வந்த மாதிரி, ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் பிடுங்கினால் கால் பட்டு மண் இறுகும். ரொட்டவேட்டர் ஓட்டினால் தீரும் என்று நானே முடிவு செய்து ஓட்டினேன். கோரைக்குக் கிழங்கு உண்டு, கத்தி பட்டால் கிழங்குச் சரம் துண்டு துண்டாகிக் காடு முழுக்கப் பரவும். அதுவரை பாத்தி நடுவில் மட்டும் இருந்த கோரைக்குப் பத்து சென்டையும் பட்டா போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது திசை. உயரமான செடிகளையும் பந்தலையும் வடக்கு ஓரத்தில் வை, அப்போதுதான் மற்ற செடிகளுக்கு நிழல் விழாது என்று எல்லா ஆங்கிலத் தோட்ட நூலும் சொல்லும். லண்டனில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போவதால் அங்கே அது சரி. மதுரை கிட்டத்தட்டப் பத்து டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு லேசாக வடக்கேதான் நிற்கும். அதைவிட முக்கியம், நிழல் விழாமலிருக்க நான் ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்பது. கோடையில் நம் செடிகள் கேட்பதே நிழலைத்தான். மேற்கு ஓரத்தை ‘காட்சிக்காக’ என்று எழுதித் திறந்து விட்டிருந்தேன், அழகர் மலை தெரியட்டும் என்று. அழகர் மலை இருப்பது வடக்கே. மேற்கிலிருந்து மூன்று மணி வெயில் வந்தது. தக்காளி பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் தக்காளி பிஞ்சு பிடிக்காது என்று என் எக்செல்லிலேயே ஒரு குறிப்பு இருந்தது. எந்தப் பக்கத்து வெயில் என்று மட்டும் அதில் இல்லை.

இதற்கு விடை சோழவந்தான் கொடிக்காலில் காலங்காலமாக நிற்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை அந்த ஊருடையது. வெற்றிலைக் கொடி ஏறுவதும் ஒதுங்குவதும் அகத்தியின் நிழலில். அகத்தி மளமளவென்று வளரும், இலை பொடிசு, வெயிலைச் சலித்துத்தான் கீழே விடும், கீரையும் கொடுக்கும், பயறு வகைக் குடும்பமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அந்தக் கொடிக்கால்கள் வழியாக எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் பேருந்தில் மேட்டுப்பாத்திக் காணொளி பார்த்துக்கொண்டு போனேன்.

பந்தல் கதை இன்னும் கேவலம். புடலையில் கோ-1 ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். காய் நீளம் 160 முதல் 180 சென்டிமீட்டர். பந்தலுக்கு நீளம் எழுதினேன், அகலம் எழுதினேன், குழி எத்தனை என்றும் எழுதினேன். தாளில் உயரத்துக்கு இடமில்லை. தச்சர் கேட்டபோது, மனதில் தோன்றிய ஐந்தடியைச் சொன்னேன். ஐந்தடி என்பது 152 சென்டிமீட்டர். காய் தொங்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றும் தரையைத் தொட்டு, பிறகு தரையில் வளைந்து, வந்த வழியே மேலே திரும்பிப் பார்த்தது. புடலை நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவது நம்மூர் வழக்கம். நானும் கட்டினேன். கல் தரையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. காய் பறிக்க உள்ளே போனால் குனிந்து போக முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும். அந்த வயதில் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த அண்ணன், “என்ன சார், எதையும் தொலைச்சிட்டீகளா?” என்று கேட்டார். மானத்தை என்று சொல்லியிருக்கலாம். காய் தேடுகிறேன் என்றேன். மறு ஆண்டு ஏழடிக்கு உயர்த்தினேன். ஆடிக்காற்று வந்தது. அம்மியே பறக்கும் என்று பழமொழி இருக்கிற மாதத்தில் சவுக்குக் குச்சி நிற்குமா? இழுவைக் கம்பி கட்டாத பந்தல் அண்ணன் காட்டில் போய்ப் படுத்தது.

இனி மயில். வரிசை பிசகக்கூடாது என்று கயிறு பிடித்து, சுண்ணாம்பு தூவி, தட்டைப்பயறும் நிலக்கடலையும் கோடு கோடாக ஊன்றியிருந்தேன். முளை விட்ட வாரம் அழகர் மலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. சேவல் ஒன்று, நாலைந்து பேடு. சுண்ணாம்புக் கோட்டின் ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனையில் முடித்துக்கொண்டு, அடுத்த கோட்டுக்கு ஒழுங்காகத் திரும்பின. மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று அண்ணன் சொன்னது யாருக்கு என்று அன்று விளங்கியது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கல்லெடுத்தால் குற்றம், திட்டினால் பாவம், ஏனென்றால் முருகன் வண்டி. கைதட்டிப் பார்த்தேன். சேவல் தோகை விரித்தது. அண்ணன் பாத்திகளில் மட்டும் முளை பத்திரமாக இருந்ததே என்று போய்ப் பார்த்தால், சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் பரப்பி மூடியிருந்தார். செடி ஒரு சாண் வளர்ந்ததும் முள்ளை எடுத்து அடுப்புக்குப் போட்டுவிட்டார். அவருடைய திட்டத்துக்கு அச்சுக்கூலி கிடையாது.

இத்தனைக்கும் நடுவே ஒன்று அமோகமாக வெற்றி பெற்றது, அதுவே பெரிய தோல்வி. வெண்டை. 45-க்கு 30 என்ற கணக்கில் ஒரு சென்டில் கச்சிதமாக 300 செடி அடங்கியது. ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் என்பது பொதுவான விளைச்சல். அதைச் சென்டுக்குப் பிரித்தால் ஐம்பது, அறுபது கிலோ. அதை யார் தின்பது என்ற கலம் என் அட்டவணையில் இல்லை. அதைவிட வினை, வெண்டை ஞாயிற்றுக்கிழமை பார்க்காது. பூத்த ஐந்தாறு நாளில் பறித்தால் காய், இன்னும் இரண்டு நாள் விட்டால் நார். ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய பயிர். நானோ வாரத்துக்கு ஒரு நாள் ஆள். புதன்கிழமை பக்குவத்துக்கு வந்த காய்கள் ஞாயிறன்று என்னை வரவேற்றபோது ஒவ்வொன்றும் விரல் தடிமனில் விறைத்து நின்றன. சந்தையில் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்களே, என் வெண்டை ஒடியாது, வளையும். இரண்டு பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி ஒன்றை எடுத்துப் பலகையில் தட்டிப் பார்த்தாள்.

“இத வறுக்கவா, விறகுக்கு வைக்கவா?”

கீழ்வீட்டுக்குக் கொடுத்தோம், அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ‘இயற்கை வெண்டை’ என்று சொன்னபோது மகிழ்ந்தவர்கள், அடுத்த வாரம் என் பையைப் பார்த்ததும் கூட்டம் இருக்கிறது என்று எழுந்து போனார்கள்.

பஞ்சகவ்யமும் இதே வகையில்தான் கெட்டது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய அந்தக் கரைசலில் சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு கரும்புச்சாறு, இளநீர், வாழைப்பழம் எல்லாம் சேரும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளித்தால் போதும். ஒரே நிபந்தனை, தயாராகும் வரை காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். காட்டில் யார் கலக்குவது? பீப்பாயை வீட்டுக்கே கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். முதல் இரண்டு நாள் கோயில் அபிஷேக வாசம் என்று சமாளித்தேன். பிறகு அலுவல் நிமித்தமாக வெளியூர் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது பீப்பாய்க்குள் புழுக்கள் குடியேறியிருந்தன, கீழ்வீட்டார் குடிபெயர்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தை வடிகட்டாமல் தெளிப்பானில் ஊற்றி, அதன் மூக்கையும் அடைத்தேன்.

தோற்றவற்றை எழுதி வைத்துக் கூட்டிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். கூட்டியபோது ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தது. படத்தில் செடியெல்லாம் இருந்தது, நான் இல்லை. என் கை நீளம் இல்லை, அதனால் பாத்தி ஆறடி. என் உயரம் இல்லை, அதனால் பந்தல் ஐந்தடி. என் ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதனால் வெண்டை முற்றியது, பஞ்சகவ்யம் புழுத்தது. எங்கள் வீட்டு வயிறு இல்லை, அதனால் 300 செடி. மண்ணுக்கு என்ன வேண்டும், செடிக்கு என்ன வேண்டும் என்று வரி வரியாக எழுதியவன், அங்கே வேலை செய்யப்போகிற, தின்னப்போகிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இதில் எனக்கு வெட்கம் அதிகமாவதற்குக் காரணம், கணக்கர் ஒருவர் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று மதுரைச் சீமையிலேயே காட்டிவிட்டுப் போயிருப்பது. ஜே.சி. குமரப்பா லண்டனில் தணிக்கை படித்தவர். காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்து, கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30-ஆம் தேதி மறைந்தார். ஒரு லட்சம் பேர் வாழும் பகுதிக்கு அவர் ஒரு சமநிலைச் சாகுபடித் திட்டம் போட்டார். எந்தப் பயிர் நன்றாக விளையும் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, காய், பழம், எண்ணெய், பால் எவ்வளவு என்று தட்டிலிருந்து ஆரம்பித்தார். உடுத்தப் பருத்தியையும் சேர்த்தார். அதிலிருந்து பின்னோக்கி வந்து எதற்கு எத்தனை ஏக்கர் என்று முடித்தார். அவர் ஒரு லட்சம் பேருக்குச் செய்ததை நான் என் வீட்டு மூன்று பேருக்குச் செய்யத் தவறினேன். நானும் கணக்கன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

புதுத் திட்டம் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது. முதல் வரி: ‘ஞாயிறு மட்டும் வருவேன்.’ இரண்டாவது வரி: ‘மூன்று பேர். ஒருவருக்குப் பாகல் ஆகாது.’ அதற்குப் பிறகுதான் பயிர். காத்திருக்கத் தெரிந்தவையாகப் பார்த்துப் போட்டேன். பூசணி ஒரு வாரம் தாமதித்தால் கோபிக்காது. சேனை எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் பேசாமல் கிடக்கும், பக்குவம் வந்த பிறகும் நாம் தோண்டும் வரை பொறுத்திருக்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் நாம் போகும்போது கொடுக்கும். தட்டைப்பயறைப் பச்சையாகப் பறிக்கத் தவறினால் நெற்றாகக் காயவிட்டுப் பயறாக எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளி நாலு மாதத்தில் வரும், அதன் கொடி தரையை மூடிக் கோரையையும் கொஞ்சம் அடக்கும். சர்க்கரைக்காரன் எதற்கு ஒரு பாத்தி நிறைய சர்க்கரைவள்ளி போடுகிறான் என்ற கேள்வியை என் மருத்துவர் இன்னும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாத்தி நாலடி ஆனது. மேற்கில் அகத்தி வரிசை. விதைத்தால் மேலே முள். மலையை வேண்டுமானால் வடக்கே திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

லேமினேட் செய்த பழைய படத்தை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். மோட்டார் பெட்டிக்கு மழைச் சாரல் படாமலிருக்க அதுதான் இப்போது மறைப்பு. அந்தப் படம் வேளாண்மைக்குச் செய்த முதல் உதவி.

போன ஞாயிறு ஒரு பூசணியையும் கொஞ்சம் முருங்கைக்காயையும் வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து கைபேசி அழைத்தது.

“வர்ற வழியில அண்ணாநகர் உழவர் சந்தையில அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கிட்டு வந்துருங்க. பிஞ்சா.”

1999 நவம்பர் 14-ஆம் தேதி தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை அது. முன்பெல்லாம் அந்த வாசலைத் தாண்டும்போது, பத்து சென்ட் வைத்திருப்பவன் இங்கே வாங்குவதா என்று தலையைத் திருப்பிக்கொள்வேன். இப்போது கூசாமல் போய், கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நுனி ஒடித்துப் பார்த்தேன். சடக்கென்று ஒடிந்தது. எப்போது பறித்தது என்று கேட்டேன்.

“விடியக்காலை தம்பி. நேத்துப் பறிக்கல, நாளைக்குப் பறிச்சா முத்திரும். வெண்டைக்காய்க்குப் பக்கத்துலயே குடியிருக்கணும்ல?”

அரைக் கிலோ கேட்டு வந்தவன் ஒரு கிலோவாக வாங்கினேன். உறையின் பின்பக்கம் ‘வெண்டை: அண்ணாநகர்’ என்று எழுதிக்கொண்டேன். பத்து சென்டையும் நானே விளைவிக்க வேண்டும் என்று எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் இல்லை.